பியானோவுக்குள் போன இருமல்கள்

அந்தப் பியானோக் கலைஞர் வாசிக்கும்போது அரங்கத்தில் யாராவது இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த இருமல் தொண்டையைவிட்டு இறங்கி, இருக்கைகளுக்கு அடியில் தரையோடு தரையாகப் போய், மேடையேறிப் பியானோவுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு அந்த ஆளிடம் திரும்பி வராது. இருபத்திரண்டு வருடங்களில் நடந்த எழுநூற்று நாற்பத்து மூன்று கச்சேரிகளில் இப்படி வெளியேறிய இருமல்கள் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் என்று ஒரு கணக்கு உண்டு. தொண்டை டாக்டர்கள் சங்கம் இதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது. அவர்களுக்கு அவர்கள் கவலை.

இந்த மாதிரிக் கச்சேரிகளுக்குப் போய்ப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். சொனாட்டா என்கிற நீளமான பியானோ உருப்படி மூன்று, நான்கு பகுதிகளாக இருக்கும். ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது பலமாக மூச்சுவிடுவதுகூட மரியாதைக்குறைவு. இருமல் வந்தால் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அந்தப் பகுதி முடியும்வரை காத்திருக்க வேண்டும். கலைஞர் கட்டைகளிலிருந்து கையை எடுத்ததும், அடுத்த பகுதி தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அரை நிமிடத்தில் அரங்கமே சேர்ந்து இருமித் தீர்க்கும். உலகத்தின் பெரிய பெரிய கலைஞர்களெல்லாம் இந்த அரை நிமிட இருமலில்தான் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள், ஆசனத்தை ஓர் அங்குலம் நகர்த்துவார்கள், அடுத்த பகுதிக்கு முதுகை நிமிர்த்துவார்கள். இருமல் இல்லாத அரங்கம் என்று ஒன்றை யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

இவர் பியானோக் கலைஞர் ஆனதற்குக் காரணம் ஒரு மாடிப்படியின் வளைவு. இவருடைய அப்பா, வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டியவர். ஒரு குடும்பம் மூன்றாவது மாடிக்குக் குடிபோனபோது, அவர்களுடைய பெரிய பியானோ முதல் மாடி வளைவிலேயே சிக்கிக்கொண்டது. ஏழு பேர் சேர்ந்து அரை நாள் தள்ளியும் மேலே போகவில்லை. வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்து தலையைச் சொறிந்துவிட்டு, "நீயே கொண்டு போயிடுப்பா, இதைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலிக்குது" என்று கொடுத்துவிட்டார். லாரிக்காரர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய அறை. ஜன்னலைப் பெயர்த்து, பியானோவின் கால்களைக் கழற்றி உள்ளே இறக்கி, மறுபடி கால்களை மாட்டி நிறுத்தியபோது அறையில் மனிதர்களுக்கென்று மிச்சம் இருந்தது ஒரு நடைபாதைதான். "இவ்வளவு பெரிய சாமானை வச்சுக்கிட்டு நாம எங்க படுக்கிறது?" என்று அம்மா கேட்டார். "அதுக்கு அடியில" என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கே மூத்த மகன் படுக்கையை எடுத்துக்கொண்டு போய்ப் பியானோவுக்கு அடியில் படுத்துவிட்டான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. தங்கைக்கு, அதாவது இந்தக் கலைஞருக்கு, ஆறு. அவள் கட்டைகளில் கை வைத்த முதல் நாளே, மேலே அவள் தட்டுவது கீழே படுத்திருந்தவனுக்கு விலா எலும்பில் கேட்டது.

பதினோரு வருடம் அண்ணன் அங்கேதான் படுத்தார். தங்கை விடியற்காலையில் பயிற்சியைத் தொடங்குவாள். அண்ணன் கண்ணை மூடியபடி அடியில் கிடந்து கேட்பார். பிறகு எழுந்து மெத்தைக் கம்பெனிக்குப் போவார். பஞ்சு அடிக்கும் பிரிவில் வேலை. அங்கே சேர்ந்த இரண்டாவது வருடம் பஞ்சுத்தூசி தொண்டையில் குடியேறியது. அது சாதாரண இருமல் இல்லை. ஒற்றை இருமல், அடிவயிற்றிலிருந்து வரும், கதவைக் கட்டை விரலால் தட்டியதுபோல முடியும். தெருமுனையில் இருமினால் வீட்டில் அம்மா தட்டை எடுத்து வைத்துவிடுவார். வீட்டில் அந்த இருமலை யாரும் அடக்கச் சொன்னதில்லை, அவரும் அடக்கியதில்லை. அதனால்தான் தங்கை வாசித்த அத்தனை வருடங்களும் அது அவரோடேயே இருந்தது. அடக்கிய இருமல் மட்டுமே பியானோவுக்குப் போகும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இசைப்பள்ளியில் பரிசெல்லாம் வாங்கி, பத்தொன்பதாவது வயதில் தங்கை முதல் கச்சேரி செய்தார். நகர அரங்கம், இருநூற்று நாற்பது பேர். அண்ணன் மெத்தைக் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வாசலைப் பார்த்துக்கொண்டார். முதல் பகுதி முடிந்தது. தங்கை கையை எடுத்தார். இருமல் வரவில்லை. ஒரு செருமல்கூட இல்லை. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்றே அவர் நினைத்தார். மேடையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் கறாரான விதிகளில் ஒன்று. அவருக்கோ கால் பெடலைவிட்டு நழுவியது, எழுந்து ஓடுவதற்கு ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றியும்விட்டார். அந்த நொடியில் பின்னால் கதவு திறந்து அண்ணனின் ஒற்றை இருமல் கேட்டது. தங்கை உடனே இரண்டாவது பகுதியைத் தொடங்கினார். இருநூற்று நாற்பது பேரும் எங்கும் போகவில்லை; தொண்டையைத் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு வருட இருமல் போன ஒரு தபால்காரர் அழுதே விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது லாரியில் நடந்த பேச்சு இது.

"நல்லவேளை நீ இருமினேண்ணா. இல்லன்னா நான் எழுந்து ஓடியிருப்பேன்."

"லேட்டா வந்த ஒரு ஆளோட வெளியில மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேம்மா. உள்ள வந்ததும் தொண்டை அரிச்சுது, இருமிட்டேன்."

"எப்பவும் இருமு. நீ இருமினா நீ இருக்கேன்னு தெரியும்."

சொன்னவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அதை மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்க்கும் பழக்கம் இந்தப் பதிவுக்கு இல்லை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம்: உள்ளே உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் இருமல் போயிருக்கிறது, வெளியே கதவருகில் நின்ற தனக்குப் போகவில்லை என்பதை மெத்தைக்காரரின் மூளை அந்த லாரியிலேயே கண்டுபிடித்துவிட்டது. அடுத்த கச்சேரியிலிருந்து அவர் கம்பெனியில் இருந்து சுண்டைக்காய் அளவில் இரண்டு பஞ்சு உருண்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தங்கை கட்டையில் கை வைப்பதற்கு முன் காதுகளை அடைத்துக்கொள்வார். பகுதி முடிந்தது என்பதைத் தங்கையின் தோள் இறங்குவதை வைத்துத் தெரிந்துகொள்வார். அரங்கமே வெறிச்சென்று கிடக்கும் அந்த இடைவெளியில் ஒரே ஒரு முறை இருமுவார். தங்கை அடுத்த பகுதிக்குப் போவார். இருபத்திரண்டு வருடம் இது ஒருநாள்கூடத் தவறவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தங்கையின் கச்சேரிகளைக் கவனிக்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டதே, எந்த ஊர் அரங்கமானாலும் பின்வரிசையில் நிற்பதற்கு உரிமை வேண்டும் என்பதற்காகத்தான். விஷயம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். "உன் வாயில இருந்து வெளியே வரக்கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் வேறு எந்த ரகசியத்தையும் ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தவர் இல்லை. இதை மட்டும் கட்டிக் காத்தார்.

புகழ் விறுவிறுவென்று வந்தது, ஆனால் எதிர்பார்த்த வாசல் வழியாக வரவில்லை. தபால்காரர் வீடு வீடாகக் கடிதத்தோடு செய்தியையும் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது கச்சேரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் போர்வையோடு வந்தார்கள். மருந்துக்கடைகளில் டிக்கெட் கிடைத்தது. தொண்டை டாக்டர் ஒருவர் சீட்டில் எழுதியே கொடுக்க ஆரம்பித்தார்: வறட்டு இருமலுக்கு மெதுவான பகுதி ஒன்று, சாப்பிட்ட பிறகு; சளி இருமலுக்கு இடது கை அதிகம் உள்ள வேகமான பகுதி; குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் துண்டு, வாரம் ஒருமுறை. இருமல் மருந்துக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது. விஷயத்தை நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று நீதிபதி ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். அவருக்கே ஆறு வருட இருமல் இருந்தது. மறுநாள் தெளிவான குரலில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். குளிர் அதிகமுள்ள நாடுகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. விமான நிலையங்களில் வரவேற்க வந்தவர்கள் மாலை போடுவதற்குப் பதிலாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள்.

இருமல்கள் பியானோவுக்குள் என்ன ஆகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் சுருதி சேர்ப்பவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். நான்காவது கச்சேரிக்கு மறுநாள் கனத்த சுரம் தரும் அடிக்கம்பி ஒன்று கரகரக்கிறதே என்று மூடியைத் தூக்கினார். பியானோ அவர் முகத்தில் இருமியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கம்பிக்கு இரண்டும் மூன்றுமாக இருமல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய கம்பளித் துணியால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டு, அரங்கத்தின் பின்பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார். அவை காற்றோடு போய், கொஞ்ச தூரத்தில் இரண்டொரு முறை இருமிவிட்டுக் கரைந்தன. பின்பக்கக் குடியிருப்புக்காரர்கள் ஆட்சேபித்துக் கையெழுத்து வாங்கியதால், பிறகு ரயில் பாதையைத் தாண்டிப் பொட்டல் வெளிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்த ஒரு மதியத்தில் பியானோக் கலைஞர் அவரைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். அவருக்கும் ஆட்சேபணை இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கலைஞருக்கு ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. ஒரு சொனாட்டாவை ஏழு மாதம் உருட்டி உருட்டிப் படித்து, விரல் நுனி தடித்துப்போய் மேடையேறினால், மறுநாள் பத்திரிகையில் அது மருத்துவப் பக்கத்தில் வந்தது. "மூக்கடைப்புக்கும் ஓரளவு குணம் தெரிந்தது" என்று எழுதியிருந்தார்கள். வருகிறவர்கள் தன்னைக் கேட்க வருகிறார்களா, தொண்டையைக் கொடுத்துவிட்டுப் போக வருகிறார்களா? ஒரே ஒரு ஆளாவது கேட்கிறார் என்று தெரிந்தால் போதும் என்று அவர் கணவரிடம் பலமுறை சொன்னார். சுருதி சேர்ப்பவர் பதில் சொல்லாமல் பதினேழு வருடம் யோசித்தார். அவர் அப்படித்தான். பதினெட்டாவது வருடம் ஒரு காலையில், கம்பளித் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"இங்க பாரு. ஒவ்வொரு இருமலும் ஒரு கம்பியிலதான் ஒட்டியிருக்கு. கண்ட இடத்துல ஒட்டல. எந்த சுரத்துல அந்த ஆள் தன்னை மறந்தாரோ அந்தக் கம்பியில ஒட்டியிருக்கு."

"தூங்கிட்டிருந்தா?"

"தூங்கினவன் இருமல் அவன்கிட்டயேதான் இருக்கு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன். பேப்பர் படிச்ச ஆளுக்கும் போகல. பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துக்கிட்டு இருந்தவனுக்கும் போகல. கேட்டவங்களுக்கு மட்டும்தான் போயிருக்கு."

தொண்டை டாக்டர் தன் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, ஆமாம் என்றார். கலைஞர் அன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே அழுதார், சிரித்தார், பாலைப் பொங்கவிட்டார். லட்சத்தை நெருங்கும் அளவுக்கு மனிதர்கள் தன்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம் முழுவதும் அவர் கால் தரையில் பாவவில்லை என்று சொல்லலாம். இது பேச்சுக்குச் சொல்வது, கால் தரையில்தான் இருந்தது. அடுத்த வாரக் கச்சேரியில் முதல் பகுதி முடிந்தது. பின்வரிசையிலிருந்து ஒற்றை இருமல் வந்தது. கலைஞருக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டவர்களுக்கு இருமல் போகும். அண்ணனுக்குப் போகவே இல்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த இருமல் அவரைக் குத்தியது. அண்ணன் கட்டையைத் துடைத்து வைப்பார், ஆசனத்தின் உயரம் பார்ப்பார், கதவு கிறீச்சிடாமல் எண்ணெய் விடுவார். எல்லாம் செய்துவிட்டு, கேட்காமல் நிற்கிறார். கடைசியில் நாற்பத்தொன்றாவது வயதில், ஒரு ஹோட்டல் அறையில், பெட்டி கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் அவர் கேட்டுவிட்டார்.

"அண்ணா, நேத்து நான் என்ன வாசிச்சேன்?"

"சொனாட்டா."

"எந்த சொனாட்டா?"

அண்ணன் ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பெரிய சொனாட்டா."

"ரெண்டாவது பகுதி எப்படி இருந்துச்சு?"

"அதுக்கென்ன, எப்பவும் போலப் பிரமாதம்."

"ரெண்டாவது பகுதியை நான் வாசிக்கவே இல்லண்ணா. கையில பிடிப்பு. நேரா மூணாவதுக்குப் போயிட்டேன்."

அண்ணன் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். உண்மையைச் சொன்னால் பஞ்சை எடுக்கச் சொல்வாள்; எடுத்தால் இருமல் போகும்; இருமல் போனால் அவள் நடுவில் எழுந்து ஓடிவிடுவாள். பத்தொன்பது வயதில் ஒரு பாதத்தை ஊன்றி நின்ற தங்கைதான் அவருக்கு இன்னும் கண்ணில் இருந்தாள். "கதவு பார்க்கணும், விளக்கு பார்க்கணும். எனக்கு ஏதும்மா நேரம்?" என்றார்.

"அப்ப கதவையே பார்த்துக்கோ. ஊரே கேட்டிருக்கு, நீ ஒருத்தன்தான் கேக்கல. இனிமே என் கச்சேரிக்கு வராதே."

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய், பழைய தொழிலுக்கே திரும்பி, தெருவில் ஒரு மெத்தைக்கடை வைத்தார். கலைஞர் வேறு ஒருவரை ஏற்பாட்டுக்கு வைத்துக்கொண்டார். அந்தப் புதியவர் கழுத்தில் டை கட்டுவார், மூன்று பேனா வைத்திருப்பார், இருமவே மாட்டார்.

புதியவரின் முதல் ஏற்பாடு ஒரு பெரிய நகரத்தில், ஆயிரத்து எண்ணூறு இருக்கைகள் கொண்ட புது அரங்கத்தில். முதல் பகுதி முடிந்தது. ஆயிரத்துச் சொச்சம் இருமல்கள் வரிசையாக மேடையேறிப் பியானோவுக்குள் போயின. அதற்குப் பிறகு அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. கலைஞர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பகுதி விரல்களில் தயாராக இருந்தது. தொடங்க முடியவில்லை. பதினோரு நிமிடம் கழித்து, மேடை ஓரத்தில் நின்ற கணவர் பதற்றத்தில் சுருதிச் சாவியைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்தில் கலைஞர் தொடங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மறுநாள் பத்திரிகையின் கலைப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதினார்கள். மௌனத்தை இவ்வளவு நுணுக்கமாக வாசித்தவர் இதுவரை யாரும் இல்லையாம். அடுத்த ஊரில் அந்த மௌனம் இருபத்தாறு நிமிடம் நீடித்தது; மக்கள் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஊரில் இரண்டாவது பகுதி தொடங்கவே இல்லை. சபையினர் இருமல் இல்லாமல், மனநிறைவோடு, வீட்டுக்குப் போனார்கள். கலைஞர் மட்டும் மேடையில் இருந்தார்.

கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்ன ஆச்சு உனக்கு?"

"தெரியலங்க. கை தயாரா இருக்கு. யாரோ கதவைத் தட்டுவாங்க, அப்புறம் எழுந்திருக்கலாம்னு காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கேன்."

"யாரும் தட்டலையா?"

"அண்ணன் இருமல" என்றார். சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மறுநாள் காலை முதல் ரயிலில் இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் கடையில் இருந்தார். அண்ணி கதவைத் திறந்தார். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அடைத்து வைத்திருந்தது அவர் வாயிலிருந்து வாசல்படியிலேயே கொட்டியது. லாரி, பஞ்சு உருண்டை, தோள் இறங்குவது, ஒற்றை இருமல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு சின்னத் தலையணையை எடுத்து வந்தார். காதிலிருந்து எடுத்த பஞ்சைத் தூக்கிப் போட அண்ணனுக்கு மனம் வராது, தொழில்காரர். கச்சேரிக்கு இரண்டு உருண்டை வீதம் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தலையணைக்குள் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது ஒரு ஆளின் தலைக்குச் சரியாக இருக்கிறது.

"இதுல படுத்துப் பாரேன்" என்றார் அண்ணி. "எனக்கு இது இல்லன்னா தூக்கமே வராது."

கலைஞர் காதை வைத்தார். தலையணை வாசித்துக்கொண்டிருந்தது. காதுக்குள் போக முடியாமல் பஞ்சில் தங்கிப்போன அத்தனை கச்சேரிகளும் உள்ளே இருந்தன. கடைசியாக அடைத்தது மேலே கேட்டது, பழையவை அடியில் மெதுவாகக் கேட்டன. வலது காதுப் பஞ்சில் வலது கையும் இடது காதுப் பஞ்சில் இடது கையும் இருந்ததால் இரண்டையும் சேர்த்தே வைத்து அண்ணன் தைத்திருந்தார். கலைஞர் எழாமல் அப்படியே கிடந்தார். அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான் கிடந்தார்.

அண்ணன் நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு மனைவியை முறைத்தார். அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ கேட்டிருக்கே" என்றார் தங்கை.

"ஒரு வாரம் லேட்டாக் கேப்பேன். அன்னைக்கு ஹோட்டல்ல நீ திடீர்னு கேட்டா நான் என்ன சொல்றது? பஞ்சு இன்னும் பைக்குள்ள இருந்துச்சு." அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். "போன வருஷம், மழை கொட்டின அன்னைக்கு, மூணாவது பகுதியில இடது கையில ஒரு கட்டையை விட்டுட்டே. ஒரே ஒரு கட்டை. யாரும் கவனிக்கல."

கலைஞர் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாகவே முடிந்தது. அந்தக் கட்டையை விட்டதற்காக அவர் மூன்று நாள் தூங்காமல் இருந்தார். அது இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். அண்ணன் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவர் எந்த மேடையிலும் இருந்ததில்லை.

"பஞ்சு வழியாக் கேட்டது போதும்ணா. ஒரு தடவை நேரா கேளு."

"கேட்டா இருமல் போயிடும்."

"போகட்டும். முப்பது வருஷத்துக்கு மேல வச்சிருந்தாச்சு."

"அப்புறம் நீ எப்படி அடுத்த பகுதிக்குப் போவே?"

"அது என் பாடு. நீ வந்து உட்காரு."

அடுத்த மாதம் நகர அரங்கத்தில் கச்சேரி. அண்ணன் இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை. ஆறாவது வரிசையில் ஓர இருக்கை, பக்கத்தில் மனைவி. பழக்கதோஷத்தில் பஞ்சு உருண்டைகளைக் கொண்டு வந்திருந்தார். அண்ணி அவற்றைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கை கட்டையில் கை வைத்தார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாசிப்பு நேராக வந்து அண்ணனின் விலா எலும்பில் இறங்கியது. பாதியில் அவருக்குத் தொண்டை அரித்தது. எல்லாரையும்போல அவரும் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அடக்கினார். இடது கை மிகக் கீழே இறங்கிய ஓரிடத்தில் அவர் தன்னை மறந்தார். முப்பத்து மூன்று வருடத்து இருமல் இறங்கி, கனமாக, மெதுவாகத் தரையில் போனது. வழியிலிருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். முதல் பகுதி முடிந்தது.

அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அண்ணன் வாயைத் திறந்து இருமிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். தொண்டை குழந்தையின் தொண்டைபோலச் சுத்தமாக இருந்தது. மேடையில் தங்கையின் கைகள் மடியில் கிடந்தன. அரை நிமிடம் ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று. தங்கையின் வலது பாதம் பெடலைவிட்டு நகர்ந்து தரையில் ஊன்றுவதை அண்ணன் பார்த்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. பகுதிகளுக்கு நடுவில் கை தட்டுவது இந்தக் கச்சேரிகளில் மன்னிக்க முடியாத தவறு. விவரம் தெரியாதவர்கள் யாராவது தட்டிவிட்டால், ஏழு தலைமுறைக்கும் சேர்த்து முறைப்பார்கள். இருபத்திரண்டு வருடம் கச்சேரி நடத்தியவருக்கு அது தெரியாததல்ல. அவர் தட்டினார். பஞ்சடித்துக் காய்த்துப்போன இரண்டு பெரிய கைகளாலும், தனியாக, நான்கு தடவை தட்டினார்.

ஆயிரம் கழுத்துகள் திரும்பின. வாசல் ஊழியர் ஒருவர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். தொண்டை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி மட்டும் மூன்று பேனாக்காரரைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர்" என்று பெருமையாகச் சொன்னார். மேடையில் கலைஞர் திரும்பிப் பார்க்கவில்லை. பாதத்தைப் பெடலில் வைத்தார், முதுகை நிமிர்த்தினார், இரண்டாவது பகுதியைத் தொடங்கினார். அந்த வாசிப்பைப் பற்றிக் கலைப் பக்கத்திலும் எழுதினார்கள், மருத்துவப் பக்கத்திலும் எழுதினார்கள்.

மறுநாள் சுருதி சேர்ப்பவர் மச்சானின் இருமலைக் கடைசி அடிக்கம்பியில் கண்டெடுத்தார். அது பைக்குள் அடங்கவில்லை. மெத்தைக்கடைத் தள்ளுவண்டியில் வைத்துப் பொட்டல் வெளிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அண்ணன் எல்லாக் கச்சேரிகளுக்கும் போகிறார், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நான்கு தடவை தட்டுகிறார், அதன் பிறகுதான் அடுத்த பகுதி வருகிறது. முதல் ஆறு மாதம் புகார்க் கடிதங்கள் வந்தன. இந்தக் கலைஞரின் கச்சேரி டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில், தாமதமாக வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்ற வரிக்குக் கீழே, இப்போது இன்னொரு வரியும் அச்சாகிறது: பகுதிகளுக்கு இடையே கை தட்டக்கூடாது, ஆறாவது வரிசை ஓர இருக்கைக்கு இந்த விதி பொருந்தாது.